கொழுப்பு சர்க்கரையா மாறாதுங்க, அந்த ஒரு வரிய திருத்திப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்ல 19 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன், காலேஜ்ல படிச்சது பயோகெமிஸ்ட்ரி. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே இங்க உங்க பேப்பர்தான் வாங்குறாங்க. இதுவரைக்கும் ஒரு தடவகூட உங்களுக்கு லெட்டர் போட்டதில்ல, இப்ப போட வேண்டியதா போச்சு. 3 வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம உடல்நலப் பக்கத்துல சோத்த விடறது பத்தி அரைப்பக்கத்துக்கு கட்டுரை வந்துச்சுல்ல, அதுல நாலாவது பத்தியில ஒரு விஷயம் எழுதியிருந்தீங்க, மாவுச்சத்த மொத்தமா விட்டுட்டாலும் பயப்படத் தேவையில்ல, உடம்புல சேந்திருக்கற கொழுப்பே தேவைக்கு ஏத்த மாதிரி சர்க்கரையா மாறிக்கும்னு. அது தப்புங்க. கட்டுரையில மத்த விஷயம் நெறைய சரியாத்தான் இருந்துச்சு, வெள்ளச் சோத்த கொறைக்கச் சொன்னது, நடக்கச் சொன்னது எல்லாம் நல்லதுதான், ஆனா அந்த ஒரு வரிய நம்பி எங்க வீட்ல ஒரு ஆள் விழுந்துட்டாங்க.

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 68 வயசு. சுகர் வந்து 11 வருஷம் ஆகுது, காலைலயும் ராத்திரியும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேந்த மாத்திரை போடுறாங்க. அவங்க உங்க கட்டுரைய கத்தரிச்சு அடுப்படி ஷெல்ஃப் மேல சோத்துப் பருக்கையால ஒட்டி வெச்சுட்டாங்க, மறுநாள்லேர்ந்து சோறு இல்ல இட்லி இல்ல ஒண்ணும் இல்ல, அவிச்ச முட்டை ரெண்டு, வெள்ளரிக்கா, கொஞ்சம் கீரை, அவ்ளோதான். நான் ட்யூட்டி மாத்தி மாத்தி பாத்துட்டிருந்ததால மொத ரெண்டு நாள் எனக்கு தெரியல. மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டிருக்காங்க. மூணாம் நாள் விடியக்காலம் அஞ்சரை மணிக்கு வாசல் தெளிக்க எந்திரிச்சவங்க கதவுகிட்டயே உக்காந்துட்டாங்க, நான் போய் பாத்தா ரவிக்க முழுக்க வேர்வையில நனைஞ்சிருக்கு, கை நடுங்குது, என்ன அத்தைன்னு கேட்டா எங்க வீட்டுக்காரர் பேர சொல்லி அவன் ஸ்கூலுக்கு போயிட்டானாங்கறாங்க, அவருக்கு வயசு 45. குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்தா 48. நல்லவேளை முழுங்கற அளவுக்கு நெனவு இருந்துச்சு, மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு கொடுத்தேன், கால் மணி நேரம் கழிச்சு 82, அப்புறம் இட்லி ஊட்டிவிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். இந்த வகை மாத்திரையோட வேகம் நாள் முழுக்க இருக்கும், சர்க்கரத் தண்ணிய குடிச்சு தேறிட்டா போதும்னு விட முடியாது, திரும்பவும் எறங்கும். அதனால சாயங்காலம் வரைக்கும் அங்கயே வெச்சிருந்து மாத்திரைய மாத்தி எழுதிக் கொடுத்து அனுப்புனாங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்கிட்ட கேட்ட கேள்விதான் என்ன எழுத வெச்சுது. "ஏம்மா, என் வயித்துல இவ்ளோ கொழுப்பு இருக்கே, அது ஏன் சர்க்கரையா மாறல, பேப்பர்ல போட்டிருந்தாங்களே?" அவங்களுக்கு உக்கார வெச்சு சொன்னத உங்களுக்கும் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

லேப்ல சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறப்ப சாம்பல் கலர் மூடி போட்ட டியூப்லதான் எடுப்போம், கவனிச்சிருப்பீங்க. அதுக்குள்ள ஃப்ளோரைடு தடவியிருக்கும். எதுக்குன்னா உடம்ப விட்டு வெளிய வந்த பிறகும் ரத்தத்துல இருக்கற செல்லுங்க உசுரோடதான் இருக்கு, அதுங்க டியூப்ல இருக்கற சர்க்கரைய தின்னுக்கிட்டே இருக்கும். சும்மா டியூப்ல எடுத்து மேசையில வெச்சுட்டோம்னா மணிக்கு 5 லேர்ந்து 7 சதவீதம் கொறைஞ்சுக்கிட்டே போகும், 110 இருந்தவருக்கு ரிப்போர்ட்ல 95 ன்னு வந்துடும். ஃப்ளோரைடு என்ன பண்ணும்னா சர்க்கரைய உடைக்கற வேலையில நடுவுல இருக்கற ஒரு என்சைம, அதாவது செல்லுக்குள்ள அந்த வேலைய செஞ்சு கொடுக்கற ஒரு புரதத்த, புடிச்சு நிறுத்திடும். வேலைக்கு சேந்த புதுசுல இத எங்க சீனியர் அக்கா காட்டிக் கொடுத்தாங்க, ஒரே ஆளோட ரத்தத்த ரெண்டு டியூப்ல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தோம். அன்னைக்குத்தான் புஸ்தகத்துல படிச்ச கிளைகாலிசிஸ், அதாவது செல்லு சர்க்கரைய ஒடைக்கறதுங்கறது, என் கண்ணு முன்னாடி நடக்கற விஷயம்னு பட்டுச்சு.

அந்த டியூப்ல சர்க்கரைய தின்னதுல பெரும்பங்கு செவப்பணுங்கதான், அதுங்களுக்கு சர்க்கரைய தவிர வேற சாப்பாடே கெடையாது. மத்த செல்லுல இருக்கற மைட்டோகாண்ட்ரியா செவப்பணுல இல்ல, கொழுப்ப எரிக்கற அடுப்பு அதுதான், அடுப்பே இல்லாதப்ப எத வெச்சு எரிக்கறது. அடுத்தது மூளை. ஒடம்பு எடையில 2 சதவீதம்தான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் சர்க்கரை அதுக்கு மட்டும் வேணும். இப்ப இன்னொரு கணக்கு போடுங்க, ஒடம்புல 5 லிட்டர் ரத்தம், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சுகர்னா மொத்த ரத்தத்துலயும் ஓடிக்கிட்டு இருக்கறது வெறும் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். அந்த ஒரு ஸ்பூன வெச்சுக்கிட்டு ஒடம்பு ராத்திரி பூரா சமாளிக்குதுன்னா ஈரல் விடாம ஊத்திக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

ஈரல்ல கிளைக்கோஜன்னு ஒண்ணு சேத்து வெச்சிருக்கு, நம்ம சோத்துல இருக்கற ஸ்டார்ச்சோட அண்ணன் தம்பி மாதிரி, ரத்தத்துல ஓடற சர்க்கரையான குளுக்கோஸ சங்கிலியா கோத்து நெறைய கெளை விட்டு உருண்டையா வெச்சிருக்கும். ஈரல்ல சுமார் 100 கிராம், தசையில 400 கிராம் வரைக்கும் இருக்கும், ஆனா தசையில இருக்கறது தசைக்கு மட்டும்தான், அது ரத்தத்துக்கு கொடுக்காது. ஆக ராத்திரி சாப்பாடு செரிச்ச பிறகு கைவசம் இருக்கறது ஈரல்ல இருக்கற 100 கிராம். விரதம் இருந்தா ஒரு நாள்ல கிட்டத்தட்ட தீந்துடும். இன்னொண்ணு, ஒரு கிராம் கிளைக்கோஜனோட ஒட்டிக்கிட்டு சுமார் 3 கிராம் தண்ணி இருக்கும், சோத்த நிறுத்துன மொத வாரத்துல ரெண்டு கிலோ மூணு கிலோ கொறையுதுன்னு சொல்றாங்களே, அதுல பெரும்பங்கு இந்த தண்ணிதான். எங்க லேப்புக்கு வர்றவங்கள்ல எத்தனையோ பேர் அந்த மொத வாரத்த பாத்து சந்தோஷப்பட்டு மூணாவது வாரத்துல எறங்கலயேன்னு நொந்து போய் சொல்லியிருக்காங்க.

சரி, 100 கிராம் தீந்துடுச்சு, வயித்துலயும் தொடையிலயும் 15 கிலோ கொழுப்பு கெடக்கு, அத சர்க்கரையா மாத்திக்க வேண்டியதுதானேன்னு தோணும். தோணறது நியாயந்தான். ஏன் முடியாதுன்னா, குளுக்கோஸ்ல 6 கார்பன். அத செல்லு ரெண்டா ஒடைச்சா 3 கார்பன் வெச்ச பைருவேட் ரெண்டு கெடைக்கும். இது வரைக்கும் திரும்பி வர வழி இருக்கு, ஈரல் நெனச்சா பைருவேட்ட மறுபடியும் குளுக்கோஸா கட்டிடும். அடுத்த படியில அந்த மூணுலேர்ந்து ஒரு கார்பன் கரியமில வாயுவா கழண்டு மூச்சுல போயிடும், மிச்சம் 2 கார்பன், அதுக்கு அசிட்டைல் கோஎன்சைம் ஏ அப்படின்னு பேரு. இந்தப் படி ஒன்வே. ரெண்ட திரும்ப மூணாக்கற என்சைம் மனுஷன்கிட்ட இல்ல, எந்த மிருகத்துகிட்டயும் இல்ல. கொழுப்பு இருக்கே, அது நீள நீளமான கார்பன் சங்கிலி, 16, 18 ன்னு இருக்கும், அத ஒடம்பு முனையிலேர்ந்து ரெண்டு ரெண்டா நறுக்கும், முருங்கக்கா நறுக்கற மாதிரி. நறுக்கி வர்ற துண்டு எல்லாமே அந்த 2 கார்பன்தான், ஒன்வேக்கு அந்தப் பக்கம் போய் விழுந்த சரக்கு. எரிக்கலாம், எரிச்சா நல்லா சக்தி வரும், கிராமுக்கு 9 கலோரி, சோத்தவிட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா சர்க்கரையா திரும்பாது. ஒடம்பு கொழுப்ப சேத்து வெக்கற வடிவமான டிரைகிளிசரைடுல மூணு சங்கிலிய சேத்து புடிச்சிருக்கற கிளிசரால்னு ஒரு சின்ன கைப்புடி மட்டும் மாறும், அதுல 3 கார்பன் இருக்கறதால. அது மொத்த எடையில பத்துல ஒரு பங்குதான் வரும், அத வெச்சு மூளைய காப்பாத்த முடியாது.

அந்த 2 கார்பன் எங்க போகுதுன்னா சிட்ரிக் அமில சுழற்சிக்கு. உள்ள ரெண்டு கார்பன் போனா ஒரு சுத்து முடியறப்ப ரெண்டு கரியமில வாயுவா வெளிய வந்துடும், மிச்சம்னு ஒண்ணும் நிக்காது. சோறு, எண்ணெய், பருப்பு மூணும் கடைசியில வந்து எரியற எடம் இதுதான். இத கண்டுபுடிச்ச ஹான்ஸ் கிரெப்ஸ் ஜெர்மனிலேர்ந்து ஹிட்லர் காலத்துல தொரத்தப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவரு, ஷெஃபீல்டுல உக்காந்து புறாவோட நெஞ்சுச் சதைய அரைச்சு வெச்சு கண்டுபுடிச்சாரு. 1937 ல அத ஒரு கடிதமா எழுதி நேச்சர் பத்திரிகை ஆசிரியருக்குத்தான் அனுப்புனாரு, எங்ககிட்ட ஏற்கெனவே ஏழெட்டு வாரத்துக்கு போதுமான கடிதம் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறம் ஹாலந்துல ஒரு பத்திரிகையில வந்துச்சு, 1953 ல நோபல் பரிசும் வந்துச்சு. அந்த சுழற்சியில எரியறதோட பலன் ஏடிபிங்கற பொருளா சேரும், செல்லுக்குள்ள காசு மாதிரி அதுதான் எல்லா வேலைக்கும் செலவாகுது. அத 1929 ல ஜெர்மனில கார்ல் லோமான் ஒரு பக்கம் கண்டுபுடிச்சாரு, அதே சமயத்துல அமெரிக்காவுல ஹார்வர்டுல சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியா கண்டுபுடிச்சாங்க. சுப்பாராவ் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. காலேஜ்ல எங்க மேடம் இத சொன்னப்ப கிளாஸே நிமிந்து உக்காந்துச்சு, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உங்க பக்கத்துல அவர பத்தி ஒரு நாள் எழுதுங்க.

கட்டுரை எழுதினவருக்கு ஒருவேள செடி விஷயம் குழம்பியிருக்கலாம். ஏன்னா செடியால முடியும். வேர்க்கடலைய ஈரத்துணியில கட்டி மொளைக்க வெச்சா ஒரு கட்டத்துல எண்ணெய் கொறைஞ்சு இனிப்பு கூடும், ஆமணக்கு விதையிலயும் இதே கததான். மண்ணுக்குள்ள வெயில் படாம கெடக்கற விதைக்கு எல கெடையாது, சர்க்கரை செய்ய முடியாது, இருக்கற எண்ணெய வெச்சுத்தான் தண்டும் வேரும் கட்டணும், அதுக்குன்னு அந்த ரெண்டு கரியமில வாயு வெளிய போற எடத்த தாண்டிப் போற ஒரு குறுக்கு வழிய வெச்சிருக்கு. கிளையாக்சிலேட் சுழற்சின்னு பேரு, 1957 ல ஹான்ஸ் கோர்ன்பெர்க்கும் இதே கிரெப்ஸும் சேந்து கண்டுபுடிச்சது. பாக்டீரியாவுக்கும் அந்த வழி உண்டு. நமக்கு இல்ல.

அப்போ பட்டினி கெடந்தா மூளைக்கு யாரு சர்க்கரை கொடுக்கறா? புரதம். அதாவது சதை. தசையில இருக்கற புரதத்த ஒடைச்சு, அது கோத்திருக்கற மணி மாதிரியான அமினோ அமிலமா ஈரலுக்கு அனுப்பும், ஈரல் அதுல இருக்கற நைட்ரஜன பிச்சு யூரியாவாக்கி கிட்னிக்கு தள்ளிட்டு மிச்ச கார்பன வெச்சு சர்க்கரை கட்டும். அந்த யூரியா செய்யற சுழற்சியையும் 1932 லயே கிரெப்ஸ்தான் ஹென்செலைட்டோட சேந்து சொன்னாரு. இதுல நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், பட்டினி நாள் கணக்குல நீண்டா ஈரல் கொழுப்ப கீட்டோன்ங்கற வேற ஒரு எரிபொருளா மாத்திக் கொடுக்கும், மூளை மெல்ல மெல்ல அதுக்கு பழகி பாதிக்கு மேல அதுலயே ஓட்டிக்கும், அதனாலதான் மனுஷன் பஞ்சத்துல ஒரேடியா சதைய தின்னு சாகாம தாக்குப் புடிக்கறான். நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்க மாவுச்சத்த ரொம்ப கொறைச்சு முட்டை கறி மீன்னு சாப்பிட்டா சாப்பிட்ட புரதத்துலேர்ந்தே ஈரல் சர்க்கரை செஞ்சு சமாளிச்சுக்கும். அதெல்லாம் உண்மை. எங்க அத்தைக்கு ஏன் முடியலன்னா, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, கணையத்த அழுத்தி இன்சுலின வெளிய எடுக்கும். இன்சுலின் இருக்கற வரைக்கும் ஈரல் சர்க்கரைய வெளிய விடாது, கொழுப்பையும் ஒடைக்க விடாது, கீட்டோனும் வராது. எல்லா கதவும் சாத்தி கெடக்கு, சாப்பாட்டுலேர்ந்தும் ஒண்ணும் வரல. 48 க்கு வந்து நின்னது அதனாலதான்.

இந்த ஒன்வே எதிர்ப்பக்கமா நல்லா தெறந்து கெடக்கு, அத எழுதியிருந்தீங்கன்னா ரொம்ப பிரயோஜனமா இருந்திருக்கும். சர்க்கரை கொழுப்பா மாறும். லேப்ல ரத்தத்த சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி எடுத்தா செவப்பணு கீழ படிஞ்சு மேல சீரம் நிக்கும், நல்லெண்ண மாதிரி வெளிர் மஞ்சளா, அந்தப் பக்கம் வெச்ச எழுத்து தெரியற மாதிரி தெளிவா இருக்கணும். சில பேருக்கு கலங்கலா வரும், ரொம்ப கூடிப் போனா பால் மாதிரியே வெள்ளையா வரும், மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும் டிரைகிளிசரைடு ஏறிக் கெடக்குன்னு. 150 க்குள்ள இருக்க வேண்டியது 600, 900 ன்னு நிக்கும். ரிப்போர்ட்ட வாங்கிட்டு அவங்க கேக்கற மொத கேள்வி, எண்ணெயே சேக்கறதில்லீங்களே, தாளிக்கக்கூட ஒரு சொட்டுதான் ஊத்தறோம், எப்படி இவ்ளோ கொழுப்புன்னு. கேட்டா மூணு வேளையும் சோறும் இட்லியும் தோசையும்தான், நடுவுல நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. சில பேர்கிட்ட தண்ணி போடற பழக்கமும் இருக்கும், அதுவும் ஏத்தும். கிளைக்கோஜன் கிடங்கு ரொம்பிடுச்சுன்னா மிச்ச சர்க்கரைய ஈரல் அந்த 2 கார்பன் துண்டா நறுக்கி, அத ஒண்ணோட ஒண்ணு கோத்து கொழுப்பு சங்கிலியாக்கி, ரத்தத்துல ஏத்தி அனுப்பும். அதனால நான் சோத்துக்கு வக்காலத்து வாங்கறேன்னு நெனச்சுக்காதீங்க. சென்னைல இருக்கற சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காரங்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) சேந்து நாடு பூரா எடுத்த கணக்குல 2023 ல 10 கோடி பேருக்கு மேல சுகர் இருக்குன்னு வந்துச்சு, பெரியவங்கள்ல 11.4 சதவீதம். நம்ம தட்டுல சோறு அதிகம்தான். கொறைக்கணும்தான். மாத்திரை போடறவங்க டாக்டர கேட்டு, மாத்திரையயும் சேத்து கொறைச்சுக்கிட்டு கொறைக்கணும்.

சோத்த விஷம்னு எழுதறதும் எனக்கு ஒப்பல. அத்தை அந்த கட்டுரைய சோத்துப் பருக்கையால ஒட்டுனாங்கன்னு சொன்னேனே, மூணு வாரமா வுழாம நிக்குது. குளுக்கோஸ் ஆயிரக்கணக்குல கோத்த சங்கிலி, வெந்நியில வெந்து தண்ணிய குடிச்சு விரிஞ்சதும் பசையாயிடுது. அதே நெல்லுச் செடியோட வைக்கோலும் குளுக்கோஸ கோத்த சங்கிலிதான், தெரியுமா உங்களுக்கு? குளுக்கோஸ் ஒண்ணேதான், ஒண்ணோட ஒண்ணு கை கோத்திருக்கற கோணம் மட்டும் வேற. அரிசில ஆல்ஃபா, வைக்கோல்ல பீட்டா. நம்ம எச்சில்ல இருக்கற அமைலேஸ் ஆல்ஃபாவ மட்டும்தான் வெட்டும், சோத்த ரெண்டு நிமிஷம் முழுங்காம மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குதுல்ல, அதான். வைக்கோல நாள் பூரா மென்னாலும் இனிக்காது. மாட்டுக்கும் அந்த என்சைம் சொந்தமா கெடையாது, அதோட மொத வயித்துல குடியிருக்கற கிருமிங்கதான் பீட்டாவ வெட்டி கொடுக்குதுங்க. கீரத்தண்டு, வாழத்தண்டுல இருக்கற நார்ச்சத்தும் இந்த வகைதான், நமக்கு செரிக்காம போறதே நமக்கு நல்லது.

தீட்டுன அரிசியில போனது நார் மட்டும் இல்ல. நான் மேல சொன்னேனே, மூணு கார்பன் ரெண்டாகற அந்த ஒன்வே படி, அந்த வேலைய செய்யற என்சைமுக்கு வைட்டமின் பி1 வேணும், அது அரிசியோட தவுட்டுல இருக்கு. சோத்த எரிக்கத் தேவையான சாமான சோத்துலயே வெச்சு கொடுத்திருக்கு, நம்ம அத மில்லுல உருவி தவுடா மாட்டுக்கு போட்டுடறோம். பி1 இல்லாம பெரிபெரின்னு கால் வீங்கி நடக்க முடியாம சாகற நோய் வந்த காலத்துல, 1918 ல ராபர்ட் மெக்காரிசன் நம்ம குன்னூர்ல ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி ஆராய்ச்சின்னு ஆரம்பிச்சாரு, அதுதான் வளந்து 1958 ல ஹைதராபாத்துக்கு போயி இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. புழுங்கல் அரிசி சாப்பிட்ட ஊர்ல அந்த நோய் கம்மியா இருந்துச்சு, நெல்ல ஊற வெச்சு அவிக்கறப்ப தவுட்டுல இருக்கற பி1 உள்ள எறங்கிடுது, அப்புறம் தீட்டுனாலும் கொஞ்சம் நிக்குது. எங்க பாட்டி பெரிய பெரிய அண்டாவுல நெல்லு அவிச்சு களத்துல காய வெப்பாங்க, அந்த ஆவி வாசன எனக்கு இப்பவும் மூக்குல இருக்கு. அவங்களுக்கு பி1 தெரியாது, ஆனா வேல சரியா நடந்திருக்கு. பச்சரிசி பளபளன்னு வேணும்னு கேக்கற வீடுங்கள்ல இத சொல்லுங்க.

புரதம் பத்தியும் கட்டுரைல அரைகுறையாத்தான் இருந்துச்சு. எவ்ளோ வேணா சாப்பிடலாம்ங்கற மாதிரி படிக்கறவங்களுக்கு படுது. கொழுப்புக்கு கிடங்கு இருக்கு, சர்க்கரைக்கு சின்ன கிடங்கு இருக்கு, புரதத்துக்கு கிடங்கே கெடையாது. வேலைக்கு வேண்டியது போக மிச்சம் நான் சொன்ன மாதிரி யூரியாவாவும் சர்க்கரையாவும் கொழுப்பாவும்தான் ஆகும். 11 வருஷ சுகர்காரங்களுக்கு கிட்னி எந்த நெலமையில இருக்குன்னு கிரியாட்டினின்ங்கற ரத்த டெஸ்ட் பாக்காம புரதத்த கூட்டச் சொல்லக் கூடாது. அரிசில லைசின்ங்கற அமினோ அமிலம் கம்மி, பருப்புல மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் கம்மி, அரிசியும் பருப்பும் சேந்தா ஒண்ணோட கொற இன்னொண்ணு தீத்துடும், வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் இட்லியும் அப்படி அமைஞ்ச சாப்பாடுதான், அதுல அரிசிய கொறைச்சு பருப்ப கூட்டிக்கிட்டா போதும்.

எங்க அத்தை அடிக்கடி கேக்கறது, இன்சுலின ஏன் மாத்திரையா கொடுக்க மாட்டேங்கறாங்க, குத்திக் குத்தி பக்கத்து வீட்டு அண்ணன் வயிறெல்லாம் கன்னிப் போச்சேன்னு. இன்சுலின் புரதம், அதனாலதான். 51 அமினோ அமிலம், அத வரிசையா எண்ணி எழுதுனதுக்கு ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958 ல நோபல் கொடுத்தாங்க. வாய் வழியா போனா வயித்துக்கு அது இன்சுலினா முட்டையான்னு தெரியாது, ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டிப் போட்டுடும். அந்த 51 ம் வரிசையா கோத்து மடிஞ்ச உருவத்துல இருந்தாத்தான் சாவி மாதிரி வேல செய்யும், வெட்டுப்பட்டா வெறும் அமினோ அமிலம். அந்தப் பக்கத்துல கட்டுரைக்கு கீழயே தோல் சுருக்கம் போக கொலாஜன் பவுடர்னு ஒரு விளம்பரம் வந்திருந்துச்சு, அதுக்கும் இதே கததான், கொலாஜனும் புரதம்தான், வயித்துல போன கொலாஜன் பெரும்பாலும் அமினோ அமிலமாவும் சின்னச் சின்ன துண்டாவும் ஒடைஞ்சுதான் ரத்தத்துக்கு வரும், முழுசா போயி கன்னத்துல ஒக்காராது. கொலாஜன் மூணு புரி கயிறு மாதிரி முறுக்கியிருக்குன்னு 1954 ல உலகத்துக்கு சொன்னதே மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான், கங்காரு வால்ல இருக்கற தசைநாண வெச்சு எக்ஸ்ரே படம் எடுத்து. மூணாவது மூணாவது எடத்துல கிளைசின் இருக்கு, அதுதான் இருக்கறதுலயே சின்ன அமினோ அமிலம், அந்த எடம் கயிறுக்கு உள்பக்கம் வர்றதால வேற எதுவும் அங்க நொழையாது. அந்த கயிறு இறுக வைட்டமின் சி வேணும். 2000 ரூபா பவுடருக்கு பதிலா நெல்லிக்கா வாங்கிக்கலாம்.

மூணு மாச சராசரி சுகர்னு எச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கறோமே, அதுவும் மாவுச்சத்தும் புரதமும் ஒண்ணா சேர்ற எடம்தான். ரத்தத்துல சர்க்கரை கூட இருந்தா அது செவப்பணுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்ங்கற புரதத்து மேல என்சைம் எதுவும் இல்லாம தானா போய் ஒட்டிக்கும், ஒட்டுனது எறங்காது. செவப்பணு சுமார் 120 நாள் உசுரோட இருக்கும், அதுவரைக்கும் அந்த கணக்க சுமந்துக்கிட்டு சுத்தும். டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பட்டினி கெடந்துட்டு வர்றவங்க எங்க கவுண்ட்டர்ல நெறைய பேரு, அந்த பட்டினி ஃபாஸ்டிங் சுகர ஏமாத்தலாம், இத ஏமாத்த முடியாது, அதுக்குள்ள எங்க அத்தை மாதிரி விழுந்துடறதுதான் மிச்சம்.

கொழுப்பு பத்தி நெறைய சொல்ல வேணாம், கட்டுரைல அது ஓரளவுக்கு சரியா இருந்துச்சு. கொழுப்புன்னாலே ஊளச்சதைன்னு நெனக்கறாங்க, ஆனா ஒவ்வொரு செல்லுக்கும் சுவரே கொழுப்புதான், ஏ, டி, ஈ, கே வைட்டமின் ஒடம்புல சேரணும்னா எண்ணெய் வேணும். தேங்கா எண்ணெய் மார்கழில பாட்டில்ல ஒறைஞ்சு போறதும் நல்லெண்ண ஒறையாததும் சங்கிலி நேரா இருக்கா வளைஞ்சிருக்காங்கறத பொறுத்தது. வளைஞ்ச சங்கிலிய ஹைட்ரஜன் ஏத்தி நிமித்தறப்ப வர்ற டிரான்ஸ் கொழுப்புதான் மோசம், அத 2022 ஜனவரிலேர்ந்து எண்ணெயிலயும் வனஸ்பதியிலயும் 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க.

இப்ப என் வேண்டுகோளுக்கு வர்றேன். உள்பக்கத்துல ஒரு ஓரத்துல ரெண்டு வரியில வருத்தம் தெரிவிச்சா போதாதுங்க, கட்டுரை வந்த அதே ஞாயித்துக்கெழம பக்கத்துல, படிக்கற அளவு எழுத்துல, கொழுப்பு சர்க்கரையா மாறாது, சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க டாக்டர கேக்காம சாப்பாட்ட நிறுத்தக் கூடாது, வேர்வையும் நடுக்கமும் தடுமாத்தமும் வந்தா ஒடனே சுகர் பாக்கணும், நெனவு இருக்கறவங்களுக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சு கொடுக்கணும், நெனவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தூக்கணும்னு போடுங்க. என் லெட்டர முழுசா போட எடமில்லன்னா மத்ததெல்லாம் வெட்டிட்டு இத மட்டும் போட்டாக்கூட போதும்.

எங்க அத்தை இப்ப நல்லா இருக்காங்க, மதியம் ஒரு கரண்டி சோறு, நெறைய காய், பருப்பு, ராத்திரி ரெண்டு இட்லி. ஆனா அந்த கத்தரிச்ச கட்டுரைய ஷெல்ஃபுலேர்ந்து எடுக்க விட மாட்டேங்கறாங்க. நான் எடுக்கப் போனா, நீ சொல்றது சரியா இருக்கலாம்மா, ஆனா இது பேப்பர்ல வந்தது, அவங்களே தப்புன்னு போடட்டும், அப்ப எடுக்கறேங்கறாங்க. நீங்க போடற ஞாயித்துக்கெழம அத கத்தரிச்சு அதுக்கு மேலயே ஒட்டிடறேன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம்.